இரவு எட்டு மணிக்கு மேல் வீடியோ மட்டும் மங்குகிறது. இது நெட் நியூட்ராலிட்டி மீறலா?

இரவுராந்தல் | திங்கள், இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் இருக்கிறேன். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. நிறுவனத்தின் பெயரையும் தளத்தின் பெயரையும் இங்கே போடக் கூடாது என்பது தெரியும், போடவில்லை.

மூன்று வாரமாக ஒரே கதை. இரவு எட்டு ஆனதும் ஒரு குறிப்பிட்ட வீடியோ தளம் மட்டும் 360பி-க்கு இறங்கிவிடுகிறது. நடிகர்கள் எல்லாம் களிமண் பொம்மை மாதிரி தெரிகிறார்கள். அதே நிமிடத்தில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 92, 94 என்று காட்டுகிறது. விபிஎன் (டேட்டாவை மறைத்து அனுப்பும் சேவை) போட்டால் உடனே 1080பி ஓடுகிறது. வாடிக்கையாளர் சேவையில் இதுவரை ஏழு முறை ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்லிவிட்டார்கள். ஏழு முறையும் செய்தேன்.

எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதுதானே நெட் நியூட்ராலிட்டி? வேண்டுமென்றே அந்தத் தளத்தை அமுக்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை எப்படி நிரூபிப்பது?

கொய்யாமரம் | திங்கள், இரவு 10:58

இன்னும் என்ன நிரூபிக்க வேண்டும்? விபிஎன் போட்டால் உள்ளே என்ன போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியாததால் அமுக்க முடியவில்லை. கேஸ் முடிந்தது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நேராகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்கு அனுப்புங்கள்.

பழைய மோடம் | திங்கள், இரவு 11:20

கொஞ்சம் பொறுங்கள். தம்பி, நீங்கள் பார்ப்பது வைஃபையிலா, கேபிள் செருகியா? பகலில் எப்படி இருக்கிறது? வேறு வீடியோ தளங்கள்?

அப்புறம், தனிநபர் புகார்களை ட்ராய் எடுத்துத் தீர்த்து வைப்பதில்லை. முதலில் நிறுவனத்தில் புகார் எண் வாங்க வேண்டும், அங்கே சரியாகவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். ஸ்க்ரீன்ஷாட் கட்டை அனுப்பினால் பதில்கூட வராது.

இரவுராந்தல் | செவ்வாய், காலை 7:05

வைஃபை, கேபிள் இரண்டிலும் பார்த்தேன், ஒரே மாதிரிதான். பகலில் பிரச்சினையே இல்லை. வேறு தளங்கள் இரவிலும் நன்றாக ஓடுகின்றன. அதனால்தான் சந்தேகம்.

பொட்டலம் பிரிப்பவன் | செவ்வாய், மதியம் 1:34

பெயருக்கேற்ற வேலைதான் எனக்கு. ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில், நெட்டில் போகும் டேட்டாத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளின் திரையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவன். நீளமாக எழுதப் போகிறேன், மன்னிக்கவும்.

இந்த மாதிரிச் சந்தேகத்தை முதலில் உலகறியச் செய்தவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்காரர், ராப் டோபோல்ஸ்கி. நான்கு பேர் வாத்தியம் இல்லாமல் சேர்ந்து பாடும் பார்பர்ஷாப் பாடல்கள் என்றால் அவருக்கு உயிர். 2007-ல் அப்படிப்பட்ட பழைய பாடல்களைப் பிறருடன் பகிர முயன்றார். காம்காஸ்ட் என்ற நிறுவனத்தின் இணைப்பு. மற்ற எல்லாம் நன்றாக ஓடுகிறது, கோப்புப் பகிர்வில் மேலேற்றம் மட்டும் நடக்கவே மாட்டேன் என்கிறது. உங்கள் கதைதானே? அவர் ஸ்பீடு டெஸ்டோடு நிற்காமல் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தார். இணைப்பை முறிக்கச் சொல்லும் ஆர்எஸ்டி பாக்கெட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அவை எதிர்முனைக் கணினியிலிருந்து வருவது போலத் தெரிந்தாலும் அது அனுப்பியவை அல்ல என்று சந்தேகித்தார். இரண்டு பேர் போனில் பேசும்போது நடுவில் இருக்கும் ஆபரேட்டர் குரலை மாற்றி, "சரி, வைத்துவிடுகிறேன்" என்று இருவரிடமும் சொன்னால் எப்படி இருக்கும்? அதேதான். அவர் இதை எழுதியதும் நம்மைப் போன்ற ஓர் இணைய மன்றத்தில்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

நிறுவனம் மறுத்தது. அந்த அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சொந்தமாகச் சோதித்தது. பதிப்புரிமைச் சிக்கல் வரக் கூடாது என்று அவர்கள் பகிர்ந்த கோப்பு என்ன தெரியுமா? கிங் ஜேம்ஸ் பைபிள். அதுவும் சரியாகப் போகவில்லை. நவம்பரில் இணைய உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு தன் சோதனை முடிவை வெளியிட்டது. இணைப்பின் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் பதிவு எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த முனையில் வந்து சேர்ந்த பாக்கெட், அந்த முனை அனுப்பிய பட்டியலில் இல்லை. அப்படியானால் நடுவில் யாரோ போட்டது. இதற்கு மேல் வாதமே தேவையில்லை. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 3-க்கு 2 என்ற வாக்கில் காம்காஸ்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2010-ல் நீதிமன்றம் அதைத் தள்ளியது என்பது வேறு கதை. எஃப்சிசிக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதுதான் அங்கே கேள்வி. பாக்கெட்டுகளைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை.

இப்போது உங்கள் விஷயம். போலி ஆர்எஸ்டி என்பது திருடன் விட்டுச்சென்ற செருப்பு மாதிரி, கையில் எடுத்துக் காட்டலாம். வேகக் குறைப்பில் செருப்பு கிடைக்காது. ஒரு பாக்கெட் தொலைந்தால், அதைக் கொள்கை வைத்து வீசினார்களா, வரிசை நிரம்பி வழிந்ததா என்று அந்தப் பாக்கெட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அந்த ஒப்பீட்டில் பாதை, நேரம், அளவு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரே ஒரு விஷயம் மட்டும் மாற வேண்டும். உங்கள் விபிஎன் சோதனையில் எத்தனை விஷயங்கள் மாறின என்று யோசித்துப் பாருங்கள். மாலையில் தொடர்கிறேன்.

கொய்யாமரம் | செவ்வாய், மதியம் 2:10

ஒரே விஷயம்தான் மாறியது. மறைத்தோம், வேகம் வந்தது.

பழைய மோடம் | செவ்வாய், மாலை 5:47

கொய்யாமரம், பாதையும் மாறியது.

இதே சண்டை 2014 ஜூலையில் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. வெரைசன் ஃபைபர் வைத்திருந்த ஒருவர், நெட்ஃபிளிக்ஸ் 375 கேபிபிஎஸ் வேகத்தில் வருகிறது, விபிஎன் போட்டால் 3000 வருகிறது என்று வீடியோவோடு எழுதினார். ஊரே பற்றிக்கொண்டது. அவர் வாடகை 75 எம்பிபிஎஸ் இணைப்புக்கு. எல்லோரும் உங்களைப் போலவே "அமுக்குகிறார்கள்" என்றார்கள். வெரைசன் ஒரு விளக்கப் படம் போட்டது: எங்கள் நெட்வொர்க்குக்குள் எங்கும் நெரிசல் இல்லை, நெட்ஃபிளிக்ஸ் டேட்டா எங்களிடம் நுழைகிற வாசலில்தான் நெரிசல். அந்த வாசலின் மறுபக்கம் நின்ற லெவல் 3 நிறுவனம் சும்மா இருக்குமா? அந்தப் படமே ஒப்புதல் வாக்குமூலம் என்று பதில் எழுதியது. நான்கைந்து 10 ஜிபிபிஎஸ் போர்ட்டை, அதாவது கூடுதல் இணைப்பைச் செருகினால் ஐந்து நிமிடத்தில் தீர்கிற பிரச்சினை, கார்டு வாங்கக் காசு இல்லையென்றால் நாங்களே தருகிறோம் என்று கிண்டலும் செய்தது.

விபிஎன் வழியாகப் போனால் டேட்டா வேறு வாசல் வழியாக வந்தது, அவ்வளவுதான். மாட்டுச் சந்தை நாளில் நேர் ரோடு அடைத்துக்கொண்டால் சுற்று வழியில் சீக்கிரம் போய்விடுவோம் இல்லையா, அது போல.

கொய்யாமரம் | செவ்வாய், மாலை 6:02

போர்ட்டைச் செருகாமல் விடுவதும் அமுக்குவதுதானே? கழுத்தை நெரிப்பதற்கும் சோறு போடாமல் விடுவதற்கும் என்ன வித்தியாசம்?

பழைய மோடம் | செவ்வாய், மாலை 6:15

நியாயமான கேள்வி. ஆனால் இரண்டுக்கும் போஸ்ட்மார்ட்டம் வேறு.

பொட்டலம் பிரிப்பவன் | செவ்வாய், இரவு 9:26

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

காம்காஸ்ட் விவகாரத்துக்குப் பிறகு ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மென்பொருள் ஆய்வு நிறுவனத்தார் 2008-ல் கிளாஸ்நாஸ்ட் என்ற கருவியை வெளியிட்டார்கள். பிரவுசரில் பொத்தானை அழுத்தினால் போதும். கோப்புப் பகிர்வு முறையான பிட்டொரன்ட் போலவே தோன்றும் ஒரு பாய்ச்சலை அனுப்பும், அடுத்து அதே போர்ட் எண்ணில் அதே அளவில், உள்ளடக்கம் மட்டும் அர்த்தமில்லாத பைட்டுகளாக இருக்கும் பாய்ச்சலை அனுப்பும். மாற்றி மாற்றிப் பல முறை. முதலாவது மட்டும் தொடர்ந்து அடிவாங்கினால், அடிப்பவன் உள்ளடக்கத்தைப் படிக்கிறான் என்று அர்த்தம். மூன்றரை லட்சம் பேருக்கு மேல் ஓட்டிப் பார்த்தார்கள்.

இன்றைக்கு அதன் வாரிசு வெஹே. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சாஃப்னஸ் குழு செய்த போன் ஆப். ஒரு வீடியோ தளத்தின் உண்மையான டேட்டாவை முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே ஒரு முறை உங்கள் இணைப்பில் ஓட்டுவார்கள். பிறகு அதே டேட்டாவை, பூஜ்ஜியத்தை ஒன்றாகவும் ஒன்றைப் பூஜ்ஜியமாகவும் புரட்டிப் போட்டு ஓட்டுவார்கள். அளவு அதே, நேர இடைவெளி அதே, சர்வர் அதே. நடுவில் இருக்கும் கருவிக்கு மட்டும் இது எந்தத் தளம் என்று அடையாளம் தெரியாது. இரண்டு ஓட்டத்தின் வேகப் பரவலையும் கோல்மோகரோவ்-ஸ்மிர்னோவ் என்ற புள்ளியியல் சோதனையில் வைத்துப் பார்த்து, வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று சொல்வார்கள்.

'டேட்டா என்க்ரிப்ட் ஆகியிருக்கிறதே, எப்படி அடையாளம் தெரியும்' என்று கேட்பீர்கள். கடிதம் ஒட்டிய உறைக்குள் இருக்கிறது, விலாசம் வெளியே தெரிகிறது. இணைப்பு தொடங்கும்போது போகிற முதல் வணக்கத்தில் தளத்தின் பெயர் பச்சையாக இருக்கும், அதை எஸ்என்ஐ என்பார்கள். பெரும்பாலான வடிகட்டிகள் பார்ப்பது அதைத்தான்.

2018 ஜனவரியில் ஆப்பிள் இந்த ஆப்பைத் தன் கடையில் சேர்க்க மறுத்தது. செய்தி வெளியே வந்ததும் சேர்த்துக்கொண்டது. பிரான்சின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆர்செப் தன் மக்களையே இதை ஓட்டச் சொல்கிறது. 2019-ல் வெளியான ஆய்வில் 1,26,249 பேர் ஓட்டிய 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகளை அலசினார்கள். 7 நாடுகளில் 30 நிறுவனங்கள் சிக்கின. அமெரிக்க மொபைல் நிறுவனங்கள் நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நள்ளிரவிலும்கூட, வீடியோவை ஒரே அளவில் பிடித்து வைத்திருந்தன. டி-மொபைலில் அது 1.5 எம்பிபிஎஸ். இன்னொரு தந்திரமும் தெரிந்தது: தொடக்கத்தில் சில எம்பி வரை முழு வேகத்தில் விட்டுவிட்டு அப்புறம் பிடிப்பது. குட்டிச் சோதனை ஓட்டுபவன் ஏமாந்துபோவான்.

வரைபடத்தில் பார்த்தால் இரண்டின் முகமும் வேறு. கொள்கை வைத்துப் பிடித்தால் அளவுகோல் வைத்த மாதிரி ஒரே நேர்க்கோடு, எந்நேரமும். நெரிசல் என்றால் மேடு பள்ளம், அதுவும் ஊரே வீட்டில் உட்காரும் நேரத்தில்.

வடமராட்சிக் காற்று | புதன், காலை 11:12

நல்ல இழை. இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் பிரச்சினை வேகத்தில் இல்லை, கணக்கில். யூடியூப்புக்கு ஒரு பொதி, வட்ஸ்அப்புக்கு ஒரு பொதி, முகநூலுக்கு ஒரு பொதி என்று தனித்தனியாக விற்கிறார்கள். எல்லோரும் அதைத்தான் பாவிக்கிறார்கள். ஒரு சின்னச் செய்தித் தளம் நடத்துகிறவருக்குப் பொதி கிடையாது, வாசகர் அதற்குச் சாதாரண டேட்டாவைச் செலவழிக்க வேண்டும். வெஹே இதைக் கண்டுபிடிக்குமா?

பொட்டலம் பிரிப்பவன் | புதன், மதியம் 12:40

பிடிக்காது. இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால் அது 'வித்தியாசம் இல்லை' என்றுதான் சொல்லும். இங்கே அளவுகோல் உங்கள் டேட்டா மீதிதான். மீதியைக் குறித்துக்கொள்ளுங்கள், பொதியில் உள்ள ஆப்பில் 100 எம்பி இறக்குங்கள், மீண்டும் மீதியைப் பாருங்கள். பிறகு வெளித் தளத்தில் அதே 100 எம்பி. பின்னணியில் வேறு எதுவும் ஓடக் கூடாது. மீதி உடனே புதுப்பிக்கப்படாது, எனவே நடுவில் போதிய இடைவெளி விடுங்கள். வீடியோ ஆப்புக்குள் தெரியும் ஒரு வெளி இணைப்பைத் தட்டினால் எந்தக் கணக்கில் போகிறது என்றும் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

இந்தியாவில் இந்த வகை விலைப் பாகுபாட்டை ட்ராய் 2016 பிப்ரவரி 8 அன்றே தடை செய்துவிட்டது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் போனது அப்படித்தான். மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். வேகம், தடை, முன்னுரிமை ஆகியவற்றுக்கான விதிகள் 2018-ல் உரிம நிபந்தனைகளில் சேர்ந்தன.

சின்ன ரீசார்ஜ் | புதன், மதியம் 1:03

என் மொபைலில் தினசரி டேட்டா தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ் ஆகிவிடுகிறது. இதுவும் மீறல்தானே?

பழைய மோடம் | புதன், மதியம் 1:09

எல்லாத் தளத்துக்கும் ஒரே மாதிரி குறைந்தால் மீறல் இல்லை. ஒரு தளத்துக்கு மட்டும் குறையாமல் இருந்தால் பேசலாம்.

மஞ்சள் கேபிள் | புதன், இரவு 8:31

எஸ்என்ஐ பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. 2021 மார்ச் 10 அன்று ரஷ்ய அரசு ட்விட்டரைத் தடை செய்யாமல் மெதுவாக்கியது. ட்விட்டரின் சுருக்கு முகவரி டி.கோ (t.co) என்பதையும் பட்டியலில் போட்டார்கள். ஆனால் அந்தப் பெயர் முழுதாகப் பொருந்துகிறதா என்று பார்க்காமல், எங்காவது அந்த எழுத்துகள் வருகின்றனவா என்று மட்டும் பார்க்க வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட்.காம் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ரெட்டிட்.காம் கூட. 'டி'யில் முடிகிற எல்லா .காம் தளமும் மாட்டியது!

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஆய்வாளர்கள் அளந்தபோது 130 முதல் 150 கேபிபிஎஸ் வரைதான் வந்தது. அவர்களும் பதிவு செய்து மறுபடி ஓட்டும் வித்தையைத்தான் பயன்படுத்தினார்கள். உண்மையான பதிவு ஊர்ந்தது, கலைத்துப் போட்ட பதிவு பறந்தது.

கொய்யாமரம் | புதன், இரவு 8:44

இது அருமை. ஒத்துக்கொள்கிறேன், அப்படி ஒரு வரைபடம் கையில் இருந்தால் எவனும் மறுக்க முடியாது. இரவுராந்தல், ஓட்டினீர்களா இல்லையா?

இரவுராந்தல் | புதன், இரவு 9:15

ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் முடிவை வைத்துச் சொன்னால் பொட்டலம் அண்ணா திட்டுவார். பத்து நாள் கொடுங்கள்.

இரவுராந்தல் | சனி, காலை 10:20

பத்து நாள் ஆகிவிட்டது.

போனை ரௌட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தினமும் காலை 7, மதியம் 3, இரவு 9 மணிக்கு வெஹே ஓட்டினேன். ஒவ்வொரு வேளையும் மூன்று முறை. மனைவி இரவு ஒன்பது மணிச் சோதனையை 'நெட் பூஜை' என்று பெயர் வைத்துவிட்டார். மொத்தம் 90 சோதனை. 88-ல் வித்தியாசம் இல்லை. இரண்டில் வித்தியாசம் காட்டியது, ஆனால் உடனே மறுபடி ஓட்டினால் காணவில்லை. இரவு ஒன்பதுக்கும் அசல் ஓட்டம், புரட்டிய ஓட்டம் இரண்டும் 80-க்கு மேல். ஆனால் அதே ஒன்பது மணிக்கு அந்தத் தளத்தைத் திறந்தால் அதே களிமண் பொம்மைகள்!

அப்படியானால் வெஹே பொய் சொல்கிறதா?

பொட்டலம் பிரிப்பவன் | சனி, காலை 11:02

இல்லை. வெஹே ஓட்டுவது அந்தத் தளத்தின் சர்வரிலிருந்து அல்ல, ஆய்வாளர்களின் சர்வரிலிருந்து. தளத்தின் பெயரைப் பார்த்து அமுக்கும் கருவி உங்கள் நிறுவனத்தில் இருந்தால் அது மாட்டியிருக்கும். மாட்டவில்லை. எனவே அந்தச் சந்தேகம் ஏறக்குறைய போயிற்று. தளத்தின் சர்வர் உங்கள் நிறுவனத்தோடு இணையும் வாசலில் நெரிசல் என்றால், வெஹே அந்த வாசல் பக்கமே போகாது. உங்கள் ஸ்பீடு டெஸ்டும் அப்படித்தான், அதன் சர்வர் பெரும்பாலும் நிறுவனத்துக்குள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கும்.

வீடியோ ஓடும்போது பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் எந்தச் சர்வரிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்த முகவரிக்கு எம்டிஆர் ஓட்டுங்கள், வழியில் உள்ள ஒவ்வொரு ரௌட்டரிலும், அதாவது ஹாப்பிலும், தாமதமும் இழப்பும் எவ்வளவு என்று காட்டும் கருவி அது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

இரவுராந்தல் | ஞாயிறு, இரவு 9:50

ஓட்டினேன். காலையில் கடைசி வரை 11 மில்லிசெகண்ட், இழப்பு இல்லை. இரவில் முதல் நான்கு ஹாப் வரை அதே 5, 6 மில்லிசெகண்ட். ஐந்தாவதில் 70-க்குத் தாவுகிறது, அங்கிருந்து கடைசி வரை 70-க்குக் குறையவே இல்லை. இழப்பு 4 சதவீதம். பெயர்களைப் பார்த்தால் நான்காவது என் நிறுவனத்தினுடையது, ஐந்தாவது வேறு ஒரு நிறுவனம். விபிஎன் போட்டால் அந்த ஐந்தாவது வழியில் வருவதே இல்லை.

பழைய மோடம் | ஞாயிறு, இரவு 10:04

ஐந்தில் தாவியது கடைசி வரை நிலைத்திருக்கிறது பாருங்கள், அதுதான் முக்கியம். ஒரு ஹாப்பில் மட்டும் கூடி அடுத்ததில் இறங்கினால் அந்த ரௌட்டர் பதில் சொல்லச் சோம்பல் படுகிறது என்று விட்டுவிடலாம். திரும்பி வரும் பாதை வேறாக இருக்கலாம் என்பதால் நூறு சதவீதம் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வாசல் நெரிசல் என்றுதான் நானும் சொல்வேன்.

கொய்யாமரம் | ஞாயிறு, இரவு 10:11

ஆக நான் முதலில் கேட்டதற்கே வந்துவிட்டோம். வாசலை அகலப்படுத்தாமல் வைத்திருப்பது யார்? மூன்று வாரத்துக்கு மேல் தினமும் எட்டு மணிக்கு நிரம்புவது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

பொட்டலம் பிரிப்பவன் | ஞாயிறு, இரவு 10:37

தெரியும். கிராஃப் அவர்கள் சுவரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் வேண்டுமென்றே விட்டார்களா, பட்ஜெட் வரவில்லையா, மறுபக்கம் பணம் கேட்கிறதா என்பது எந்த எம்டிஆரிலும் தெரியாது. அதைக் கேட்கும் அதிகாரம் உள்ளவர்தான் கேட்க வேண்டும். இப்படிக் கண்காணிக்கப் பல தரப்பினர் கொண்ட ஓர் அமைப்பு வேண்டும் என்று ட்ராய் 2020 செப்டம்பரில் பரிந்துரைத்தது.

இரவுராந்தல், புகாரில் 'நெட் நியூட்ராலிட்டி' என்ற வார்த்தையையே எழுதாதீர்கள். எழுதினால் சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே தூங்கும். இரண்டு எம்டிஆரையும் நேரத்தோடு இணைத்து, 'நான்காவது ஹாப்புக்கும் ஐந்தாவது ஹாப்புக்கும் நடுவில் இரவு 8 முதல் 11 வரை நெரிசல், நெட்வொர்க் பிரிவுக்கு அனுப்பவும்' என்று எழுதுங்கள்.

இரவுராந்தல் | வியாழன், மாலை 7:18

எழுதினேன். திங்களன்று வாடிக்கையாளர் சேவையிலிருந்து பதில்: ரௌட்டரை அணைத்துப் போடவும். எட்டாவது முறை. மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பினேன். இன்று மதியம் நெட்வொர்க் பிரிவிலிருந்தே ஒருவர் கூப்பிட்டார். "எம்டிஆர் எல்லாம் அனுப்பியிருக்கிறீர்களே, நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் சார்?" என்றார். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன் என்றேன். சிரித்துவிட்டு, அந்த லிங்க்கை விரிவாக்க ஃபைல் போட்டிருக்கிறோம் என்றார். எப்போது என்று கேட்டேன், சொல்லவில்லை.

எதிர்வீட்டில் வேறு நிறுவனத்தின் இணைப்பு. அங்கேயும் பத்து நாள் ஓட்டப் போகிறேன். நெட் பூஜைக்கு அவர்கள் சம்மதித்துவிட்டார்கள்.